மனக்குறை கேட்கும் படிப்பு மாளிகைக்கு மட்டுமா?

'கவுன்சலிங்' என்று சொல்லிப் பாருங்கள், நம் தொழிலாளித் தோழரிடம். "யாருக்கு? மூத்தவனுக்கா? எந்தக் காலேஜ் கிடைத்தது?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த கவுன்சலிங் அது ஒன்றுதான். பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆப், தரவரிசை எண். கிண்டி அண்ணா பல்கலைக்கழக வாசலில் ஒரு காலத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு காத்துக் கிடந்த நாட்கள். 2018-இல் அது கணினி வழிக்கு மாறிய பிறகு பிரவுசிங் சென்டரில் கால் கடுக்க நின்ற நாட்கள். 'கவுன்சிலர்' என்று சொன்னாலோ இன்னும் வேடிக்கை! உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது போலும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

நகைப்பதற்காகச் சொல்லவில்லை, தோழர்களே! சொல் வந்து சேர்ந்திருக்கிறது, பொருள் வந்து சேரவில்லை. இடம் ஒதுக்கும் கவுன்சலிங் நம் தெருவுக்கு வந்தது. இதயம் கேட்கும் கவுன்சலிங் வரவில்லை. மாணவர் மனத்திலே புகுந்துவிட்ட அச்சத்தை, அவமானத்தை, ஆற்றாமையைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டு, அந்தப் பிள்ளை தானே எழுந்து நடக்கும்வரை உடன் நடப்பதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலுக்கென்று ஒரு மேற்படிப்பும் இருக்கிறது. ஆலோசனை உளவியல் என்று ஏட்டிலே பெயர். பட்டம் பெற்றவர் மேலும் ஈராண்டு படிக்க வேண்டிய முதுகலைப் படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்திலே அதற்குத் தனித்துறை உண்டு. எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆப் சோஷியல் ஒர்க்கிலே அந்தப் படிப்பு உண்டு. டெல்லியின் தேசிய கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம், ஆசிரியர்களுக்கென்று ஓராண்டுப் பட்டயப் படிப்பை மைசூர் வரை கொண்டுவந்து நடத்தியிருக்கிறது.

இருக்கிறது, இருக்கிறது என்று இத்தனை சொல்கிறோமே, அந்த வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்து ஒரு கணக்கெடுக்கச் சொல்லுங்கள். அங்கே பஞ்சாலைத் தொழிலாளியின் மகள் எத்தனை பேர்? சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் மகன் எத்தனை பேர்? கைத்தறிக் குழியிலே காலைத் தொங்கவிட்டு நெய்பவனின் பிள்ளை எத்தனை பேர்? கணக்கெடுக்க இரு கை விரல்கள் போதும் என்றே நாம் கருதுகிறோம். இன்று எழுதப் புகுந்தது இதைப் பற்றித்தான்.

இது என்ன, வயிறு நிறைந்தவர்கள் பேசும் வாய்ச்சரக்குதானே, நமக்கேன் என்பார் உண்டு. அவர்களுக்கு ஓர் ஏட்டைக் காட்டுகிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிற ஏடு அது. 2021-ஆம் ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்திலே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட மாணவர் தொகை 13,089. மறு ஆண்டு, 2022-இல், 13,044. நாளொன்றுக்கு 35 பிள்ளைகள்! காலையில் பள்ளி மணி அடிக்கும்போது ஒரு வகுப்பறை நிறைய இருந்தவர்கள், மறுநாள் மணி அடிக்கும்போது இல்லை. அந்தோ! இதைப் படித்துவிட்டு ஏட்டை மூட எண்ணியவன் கண்ணிலே இன்னொரு வரி படுகிறது. அதே 2022-ஆம் ஆண்டிலே, மாண்டவரில் மிகப் பெரிய பிரிவு எது தெரியுமா? வணிகனா? வழக்கறிஞனா? அதிகாரியா? நாட்கூலி! நூற்றுக்கு 26 பேர் நாட்கூலிகள். தகப்பன் ஒரு வரியிலே, பிள்ளை ஒரு வரியிலே! ஒரே கூரையின் கீழே இருந்த இரு துயரங்களை இரண்டு கட்டங்களிலே பிரித்து அச்சடித்திருக்கிறது டெல்லி.

ஆகவே இது வயிறு நிறைந்தவன் கவலை என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். கடன்காரன் வாசலில் நின்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போடும் பிள்ளைக்கு மனம் இல்லையா? குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கும் அடிவாங்கும் தாய்க்கும் நடுவே நின்று தடுத்துவிட்டு, மறுநாள் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வரும் சிறுமிக்கு மனம் இல்லையா? வசதி படைத்த வீட்டுப் பிள்ளை வாடினால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துக் கேட்க ஆள் வைக்கிறார்கள். நம் பிள்ளை வாடினால் "சோம்பேறி" என்கிறோம், "பேய் பிடித்திருக்கிறது" என்கிறோம், வேப்பிலை அடிக்கிறோம். பகுத்தறிவு பேசும் இயக்கத்திலே இருந்துகொண்டு, பிள்ளையின் முகம் வாடினால் மந்திரிக்க அழைத்துப் போகும் தோழர் ஒருவர்கூட இல்லையென்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா?

சரி, அந்தப் படிப்பிலே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

முதல் பாடம், வாயை மூடுவது! மேடைப் பேச்சாளர்களாகிய எங்களைப் போன்றவர்களுக்குக் கசப்பான பாடம்தான். கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் எழுதிய ஆய்வுரை இத்துறையிலே மிகுந்த புகழ் பெற்றது. மனம் நொந்து வந்தவன் மாறவேண்டுமானால், கேட்பவனிடம் சில தன்மைகள் இருந்தாக வேண்டும் என்றார் அவர். வந்தவனைத் தராசில் நிறுத்தாமல் அப்படியே ஏற்பது, அவன் இடத்திலே நின்று அவன் கண்ணால் பார்ப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. கேட்க எளிது, செய்ய அரிது. "நான் பெயிலாகிவிட்டேன்" என்று ஒரு பையன் தலைகுனிந்தால் நம் வாயிலே முதலில் வருவது என்ன? "ஒழுங்காகப் படித்திருந்தால்..." என்பதுதானே! அந்த ஒரு சொற்றொடரை விழுங்கக் கற்றுக்கொள்ளவே பயிற்சி பெறுவோருக்குத் திங்கள் பல ஆகிறது.

அடுத்தது, கமுக்கம் காப்பது. பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையிலே தேநீரோடு பரிமாறக் கூடாது. தலைமையாசிரியர் கேட்டாலும் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மௌனம் குற்றம். பிள்ளையிடம் எவனோ முறைகேடாக நடந்தான் என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் அதை உரியவரிடம் தெரிவித்தே தீரவேண்டும் என்கிறது. எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்பதை நல்ல மனம் ஒன்றே சொல்லித் தந்துவிடாது. அதனால்தான் அது ஒரு படிப்பு.

பிறகு அளவைகள், சோதனைகள். பாரிஸ் நகரிலே 1905-இல் ஆல்பிரட் பினே என்பார் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குத் தனிக் கவனம் தரவேண்டும் என்பது அவர் நோக்கம். கை தூக்கிவிடக் கண்ட அந்தக் கருவி கடல் கடந்து போனபோது, யார் மேல், யார் கீழ் என்று மனிதரைத் தரம்பிரிக்கும் சல்லடையாயிற்று. ஒரு கருவி யார் கையிலே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம். இதை மனத்திலே வையுங்கள், பின்னால் வருவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்முறைப் பயிற்சி. அமெரிக்காவிலே இப்படிப்புக்கு ஏற்பு வழங்கும் அமைப்பு, முதலில் 100 மணி, பிறகு 600 மணி என்று, மூத்தவர் மேற்பார்வையிலே மாணவரோடு வேலை பார்த்தால்தான் பட்டம் என்று விதித்திருக்கிறது. வண்டி ஓட்டும் உரிமத்துக்கே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். மனத்தைத் தொடுகிறவன் எட்டுப் போடாமல் போகலாமா?

இப்போது டெல்லியிலே நடந்ததைப் பாருங்கள்.

விசாகப்பட்டினத்திலே, மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி ஒருத்தி 2023-இல் மாண்டாள். தந்தை நீதிமன்றம் ஏறினார். அந்த வழக்கிலே 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும், பயிற்சி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ ஒருவரேனும் அமர்த்த வேண்டும். சிறிய நிலையங்கள் வெளியிலிருப்போரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைக் காட்டி மாணவரைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து அவமானப்படுத்தக் கூடாது. இப்படிப் பதினைந்து நெறிகள். அதற்குரிய சட்டம் வரும்வரை இவை நாடெங்கும் கட்டுப்படுத்தும் என்றது மன்றம். நல்ல தீர்ப்பு. வரவேற்கிறோம்.

தீர்ப்பின் மை உலரவில்லை. 2025 ஆகஸ்டிலே பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளை, 2025 ஜூலை-ஆகஸ்டில் தொடங்கும் பருவம் முதல், தொலைநிலைக் கல்வி வழியாகவோ இணைய வழியாகவோ எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தக் கூடாது! 2021-இல் வந்த மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான சட்டத்தின் வரம்புக்குள் உளவியல் வருகிறது, ஆகவே இத்தடை என்றது.

ஒரு கை சொல்கிறது, பள்ளிதோறும் கல்லூரிதோறும் ஆலோசகர் வேண்டும் என்று. மறு கை மூடுகிறது, ஏழை நுழையும் வாசலை. இரண்டுக்கும் நடுவே ஒரு திங்கள்கூட முழுதாகப் போகவில்லை!

அந்த வாசல் யாருடைய வாசல் என்பதை இந்த ஏட்டின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. அந்நாள் தொட்டு இரவுப் பணி முடித்துவந்து பகலிலே பாடப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்தவர் யார்? பேருந்து நடத்துநர், மின்வாரிய ஊழியர், நியாயவிலைக் கடை எடையாளர், சத்துணவு அமைப்பாளர், மணமாகிக் கல்லூரிப் படியை மறுபடி மிதிக்க முடியாமற்போன பெண்மணி. காலையில் வகுப்புக்குப் போனால் மாலையில் அடுப்பு எரியாத வீடு அவர்களுடையது. ஈராண்டு ஊதியத்தை இழந்து பகல்நேரக் கல்லூரியிலே உட்கார எவரால் முடியும்? எவரால் முடியுமோ அவரே இனி ஆலோசகர்.

நேர்மையாகவே பேசுவோம். அஞ்சலிலே நீச்சல் கற்க முடியாது. புத்தகத்தைத் தபாலில் அனுப்பி, ஆண்டிறுதியில் ஒரு தேர்வு வைத்து, 'மனத்தைத் தொடலாம் போ' என்று சான்றிதழ் தந்த முறையை நாம் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டோம். அப்படிப் பட்டம் வாங்கியவன் முன்னால் உட்காரப் போவது நம் பிள்ளைதான். குறைப் பயிற்சி பெற்றவன் ஏழைப் பிள்ளைக்குப் போதும் என்ற எண்ணத்தை நாம் ஏற்கவே மாட்டோம். தடைக்குக் காரணம் தரம் என்றால், தரம் வேண்டும் என்பதில் நாம் இரண்டாம் கருத்து உடையவர்கள் அல்லர். நாம் கேட்பது வேறு. கிணற்றிலே இறைக்க வேண்டாம், பாசி படிந்திருக்கிறது என்று கயிற்றை அறுத்தாயே, குழாய் எங்கே? மாலைக் கல்லூரி எங்கே? சனி ஞாயிறு வகுப்பு எங்கே? பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை எங்கே? அறுப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும் என்றால், கட்டுவதற்கும் ஒரு சுற்றறிக்கை எழுதக் கூடாதா?

இந்தத் தொழில் பிறந்த கதையை அறிந்தவர் இப்படிச் செய்யமாட்டார். 1908-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்கப் பாஸ்டன் நகரிலே பிராங்க் பார்சன்ஸ் என்பார் ஒரு நிலையம் திறந்தார். பொறியியல் பயின்றவர், வேலை பறிபோய் இரும்பாலையிலே கூலியாளாக உழைத்தவர், பள்ளியிலே பாடம் சொன்னவர், சட்டமும் பயின்றவர். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. உன்னை நீ அறி, உலகத்து வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார்த்து நீயே முடிவு செய் என்பது அவர் முறை. அவ்வாண்டே மறைந்தார். அவர் எழுதியது மறு ஆண்டு நூலாயிற்று. இன்று உலகெங்கும் மாணவர் ஆலோசனைப் படிப்பின் முதல் அத்தியாயத்திலே அவர் பெயர் வருகிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, அப்பன் கைக்கருவியை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வதுதான் விதி என்று இராமல், தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளத் துணைநிற்கப் பிறந்த தொழில் இது!

அங்கே அப்படி. இங்கே? பாஸ்டனுக்கு 45 ஆண்டுகள் கழித்து, 1953-இல், சென்னை மாநிலத்திலே ஆச்சாரியார் ஒரு 'வழிகாட்டல்' செய்தாரே, மறந்துவிட்டதா? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! வண்ணான் மகனுக்கு வெள்ளாவி, குயவன் மகனுக்குச் சக்கரம், சக்கிலியன் மகனுக்குத் தோல் என்று பொருள்பட்ட அந்தத் திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் போரிட்டோம். 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் குழிதோண்டிப் புதைத்தது. குலத்தைப் பார்த்து வழிகாட்டுவது ஒரு முறை. பிள்ளையைப் பார்த்து வழிகாட்டுவது ஒரு முறை. முதல் முறைக்குப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை, பூணூல் போதும். இரண்டாம் முறைக்குத்தான் பயின்றவர் வேண்டும்.

பயின்றவர் வந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பினேயின் கருவியைப் பற்றி முன்னே சொன்னோமே! சோவியத் நாடு 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணிலே விட்டதும் திடுக்கிட்ட அமெரிக்கா, 1958-இல் ஒரு சட்டம் இயற்றிப் பள்ளி ஆலோசகர் பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டியது. நோக்கம்? விஞ்ஞானத்துக்கு ஏற்ற கூர்மையான பிள்ளைகளைச் சலித்தெடுப்பது. சல்லடையிலே மேலே நின்றவர் யார், கீழே விழுந்தவர் யார் என்று ஆராய்ந்த சமூகவியலாளர் இருவர் 1963-இலே ஒரு நூல் வெளியிட்டு, ஆலோசகரின் தீர்ப்பிலே பிள்ளையின் குடும்ப நிலையும் கலந்திருக்கிறது என்று காட்டினார்கள். அதற்கும் முன்னால், மிச்சிகன் மாநிலப் பள்ளி ஒன்றிலே வகுப்பின் முன்னணி மாணவனாக இருந்த ஒரு கறுப்பினச் சிறுவன், வழக்கறிஞனாக விரும்புகிறேன் என்றான். கறுப்பனுக்கு அது ஆகிற காரியமா, கைவேலை உனக்கு நன்றாக வருகிறது, தச்சனாகப் போ என்றார் வெள்ளை ஆசிரியர். அந்தச் சிறுவன் பிற்காலத்திலே மால்கம் எக்ஸ் என்று உலகறிந்தான். தன் வரலாற்றிலே அதைப் பதிவும் செய்தான். ஆச்சாரியாரின் குரல் அமெரிக்காவிலும் ஒலித்திருக்கிறது, பாருங்கள்!

அதனால்தான் சொல்கிறோம், நாற்காலி போட்டால் மட்டும் போதாது, அதிலே உட்காருவது யார் என்றும் கேட்போம். நம் பிள்ளை வந்து எதிரில் நிற்கும்போது, 'உன் அப்பா என்ன வேலை?' என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர் உட்காரக் கூடாது. நான்கு பேர் படுக்கும் ஒரே அறையிலே தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலைக்குத் தம்பியோடு சண்டை போட்டுப் படித்தவள் உட்காரட்டும்! அவளுக்குச் சொல்லித் தர வேண்டியது பாதி, அவள் வாழ்ந்தே அறிந்தது மீதி.

இன்னொன்று, மொழி. பிள்ளை எந்த மொழியிலே அழுகிறது? "நெஞ்சை அடைக்குது" என்கிறது. "மனசு விட்டுப் போச்சு" என்கிறது. "எதுவும் பிடிக்கலை, சும்மா இருக்கணும் போல இருக்கு" என்கிறது. அவள் படித்த பாடநூலோ ஆங்கிலத்திலே, அதிலே வரும் உதாரணப் பிள்ளையின் பெயர் ஜான், அவன் கவலையோ நடன விருந்துக்கு அழைப்பு வரவில்லை என்பது! 'மனசு விட்டுப் போச்சு' என்பது சோர்வா, சீற்றமா, சாவை நினைக்கும் விளிம்பா என்று எந்த ஆங்கில அட்டவணை சொல்லும்? திருநெல்வேலியிலே அந்தச் சொல்லுக்கு ஒரு கனம், திருவண்ணாமலையிலே ஒரு கனம். முதுகலை வரை இந்தப் பாடத்தைத் தமிழிலே கற்க நல்ல நூல்கள் அணிவகுத்து நின்றாக வேண்டும். பாடநூல் கழகம் எத்தனையோ நூல்களை மொழிபெயர்த்திருக்கிறதே, இதற்கும் ஒரு வரிசை தொடங்கட்டும். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. நம் பள்ளிகளிலே பணியாற்றியவர்கள் நம் பிள்ளைகளின் நிலையை நம் சொல்லிலே எழுத வேண்டும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டு மாணவரின் மனத்தைப் பற்றிப் பேசுவது வீண் வேலை. 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில் நடந்ததை எண்ணினால் நம் தலை இன்னமும் நிமிரவில்லை. நன்றாகப் படித்த தலித் மாணவனையும் தடுக்கப் போன அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் வேற்று நாட்டார் அல்லர். உடன் படித்தவர்கள்! அரிவாளைத் தூக்கிய அந்தக் கைகளிலே பேனாவும் இருந்தது. அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் எண்ணிக்கை மிகுந்த பள்ளிகளிலே பள்ளி நல அலுவலர் என்றொரு பணியிடம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு மட்டுமா ஆள் வேண்டும்? கையிலே சாதிக் கயிறு கட்டிக்கொண்டு, பாட்டன் பெருமை பேசிப் பேசி நஞ்சேறிக் கிடக்கும் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். மேற்படிப்பின் பாடத்திட்டத்திலே சாதி என்ற சொல் எத்தனை பக்கங்களிலே வருகிறது? பாஸ்டனும் பாரிசும் வருகிறபோது நாங்குநேரி வரவேண்டாமா?

ஒரு நண்பர் கேட்டார்: "ஆலோசகரை வைத்துவிட்டால், நீட் தேர்வை எதிர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே?" சொல்லத்தான் பார்ப்பார்கள்! காலிலே முள்ளைக் குத்தியவனே களிம்பு டப்பாவையும் நீட்டுகிற காலம் இது. 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், உச்சநீதிமன்றம் வரை போய்க் கதவு சாத்தப்பட்டு 2017 செப்டம்பர் முதல் நாளிலே மறைந்தாளே, அவளுக்கு இல்லாமற்போனது ஆலோசனையா, நீதியா? நீதிதான். அதற்கான போரிலே ஓர் அங்குலமும் பின்வாங்கோம். ஆனால் போர் முடியும்வரை காயம்பட்டவன் களத்திலே கிடக்கட்டும் என்று எந்தப் படைத்தலைவனாவது சொல்வானா? மேலும், நல்ல ஆலோசகர் களிம்பு பூசுவதோடு நிற்பவர் அல்லர். எந்தத் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள், எந்த விடுதியிலிருந்து வருகிறார்கள், எந்த ஆசிரியரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அறிந்தவர் அவர். பெயரைச் சொல்லாமல் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். அநீதிக்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

"எங்கள் காலத்திலே யார் கவுன்சலிங் கொடுத்தார்? நாங்கள் வளரவில்லையா?" என்று மீசை முறுக்கும் மூத்த தோழர்களுக்கும் ஒரு சொல். வளர்ந்தீர்கள், ஐயா. உங்களோடு பள்ளிக்கு வந்து பாதியிலே நின்றுபோனார்களே, அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? சத்துணவுக்கும் இப்படித்தான் அன்று கேட்டார்கள், பட்டினி கிடந்து நாங்கள் படிக்கவில்லையா என்று. 1920-இல் நீதிக்கட்சியார் ஆயிரம்விளக்குப் பள்ளியிலே சோறு போட்டபோது கேட்கப்படாத கேள்வியா இது? வயிற்றுப் பசிக்குப் பள்ளி பொறுப்பேற்றது நம் மண்ணிலே. மனப் பசிக்கும் பொறுப்பேற்கட்டும்.

தமிழ்நாட்டிலே ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண் 2018-இல் வந்தது. நடமாடும் ஆலோசனை மையம் என்று வண்டியிலே உளவியலாளரை ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பிய ஏற்பாடும் உண்டு. 2022-இல் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலே 14416 எண் வந்தது. மனம் கனத்தவர் எந்நேரமும் அழைக்கலாம். நல்லவையே. ஆனால் கண்ணீர், வண்டி வரும் நாளுக்காகக் காத்திருக்குமா? ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் உள்ள நாடு இது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் அளவு வைத்திருக்கிறது. அந்தப் பணக்கார நாடே இன்னும் அந்த அளவை எட்டவில்லை, நாட்டுச் சராசரி 350-ஐத் தாண்டி நிற்கிறது. நாம் உடனே 250-ஐ எட்டிவிட வேண்டும் என்று கேட்பது பொறுப்பற்ற பேச்சு. மேல்நிலைப் பள்ளிகளிலும் அரசு விடுதிகளிலும் தொடங்கட்டும். ஆதிதிராவிடர் விடுதியும் பிற்படுத்தப்பட்டோர் விடுதியும் வரிசையில் முதலில் நிற்கட்டும், கடைசியிலே அல்ல. அமர்த்தும்போது, மணிக்கணக்குக் கூலிக்கு ஒப்பந்த ஆளைப் பிடித்து இரண்டு திங்களில் கழற்றிவிடும் வேலையும் வேண்டாம். இன்று ஒருவரிடம் நெஞ்சைத் திறந்த பிள்ளை, நாளை வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்காது. நிரந்தரப் பணியிடம், இடஒதுக்கீட்டு முறைப்படி நியமனம். இதிலே பேரம் இல்லை.

பணியிடம் வந்தால் படிக்க ஆள் வரும், படிக்க ஆள் வந்தால் கல்லூரி திறக்கும் என்று தத்துவம் பேசிக் காலம் கடத்த வேண்டியதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளிலே பிற்பகல் சுழற்சி நடத்தத் தெரிந்த நாம், மாலை ஐந்தரைக்கு ஆலோசனை உளவியல் முதுகலை வகுப்பு நடத்த முடியாதா? பயிற்சி மணிகளைப் பக்கத்து அரசுப் பள்ளியிலே, சனிக்கிழமைகளிலே வைக்க முடியாதா? முதல் பட்டதாரி வீட்டிலிருந்து வருபவருக்குப் பயிற்சிக் காலத்திலே ஒரு தொகை தர முடியாதா? தொழிலாளர் நல வாரியங்கள் தம் உறுப்பினரின் பிள்ளைகளுடைய படிப்புக்கு உதவி தருகின்றனவே, அந்தப் பட்டியலிலே இந்தப் படிப்பையும் அழுத்தமாக எழுதிவைக்க எந்த விதி தடுக்கிறது?

இவை அரசுக்கு. கிளைக் கழகத் தோழர்களுக்கும் வேலை உண்டு. நம் வட்டத்திலே பட்டம் முடித்துவிட்டுத் துணிக்கடையிலே நின்றுகொண்டிருக்கும் பெண்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். எவளிடம் தெருப் பிள்ளைகள் ஓடிப்போய்த் தங்கள் சண்டையைச் சொல்கின்றனவோ, எவள் சொன்னால் பெரியவர்களும் ஒரு கணம் நின்று கேட்கிறார்களோ, அவளைத் தேடிப் பிடியுங்கள். சில கல்லூரிகள் எந்தப் பட்டம் பெற்றவரையும் இந்தப் படிப்பிலே சேர்க்கின்றன, சில இடங்களிலே உளவியல் பட்டம் கேட்கிறார்கள். போய் விசாரியுங்கள், கட்டணத்தையும் உதவித்தொகையையும் கேட்டெழுதுங்கள், விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பாருங்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் அந்த விவரம் நம் படிப்பகத்துப் பலகையிலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் அடியிலேயே 14416 என்ற எண்ணையும், தூரத்திலிருந்து படிக்கும்படி, பெரிதாக எழுதிவையுங்கள்.